கரி பஸ்ஸும் 8,500 கோடி ரூபாயும்

இரண்டாம் உலகப் போர் சமயத்தில் பெட்ரோல் தட்டுப்பாட்டால் நம் ஊர்ப் பக்கம் பஸ்கள் கரியில் ஓடின. நான் பார்த்ததில்லை, அப்பா சொல்லிக் கேட்டதுதான். பஸ்ஸுக்குப் பின்னால் பீப்பாய் மாதிரி ஓர் அடுப்பு இருக்குமாம். கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் காற்று ஊதி, கரி நன்றாகக் கனன்ற பிறகுதான் வண்டி கிளம்பும். வழியில் அதிக நேரம் நின்றால் மறுபடி ஊத வேண்டும். "அவசரம்னா நடந்தே போயிடலாம்" என்று சிரிப்பார்.

ஏன் அந்தக் காத்திருப்பு? நான் பணி ஓய்வு பெறும்வரை ஆய்வுக்கூடத்தில் அளந்துகொண்டிருந்தது இதைத்தான். கரி எரிந்தால் கார்பன் டை ஆக்சைடு வரும். அது மேலே உள்ள செந்தணலைத் தொட்டால் கார்பன் மோனாக்சைடாக மாறும். நீராவி தொட்டால் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் வரும். இரண்டும் எரியும் வாயுக்கள். குமுட்டி அடுப்பில் தணலுக்கு மேல் நீலமாக ஆடிய சுடர் ஞாபகம் இருக்கிறதா? அது இந்த மோனாக்சைடுதான்.

இரண்டு வினைகளுமே சூட்டை விழுங்குபவை. 12 கிராம் கார்பனுக்கு நீராவி வினை சுமார் 131 கிலோ ஜூல் கேட்கும், மற்றது 172. சூடு குறைந்தால் வேகம் படுத்துவிடும். 850 டிகிரியிலிருந்து 900-க்கு ஏற்றினாலே வேகம் இரண்டு, மூன்று மடங்காகும். ஒரே சூட்டில், நீராவி பொதுவாகக் கார்பன் டை ஆக்சைடைவிடச் சில மடங்கு வேகமாகக் கரியைத் தின்னும்.

இப்போது இதை எழுதக் காரணம் உண்டு. 2030-க்குள் 10 கோடி டன் நிலக்கரியை வாயுவாக்குவது என்று மத்திய அரசு இலக்கு வைத்திருக்கிறது. 2024 ஜனவரியில் இதற்காக 8,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகைக்கு ஒப்புதலும் தந்தது. ஆனால் என் காதில் விழும் பேச்செல்லாம் எந்த நாட்டு இயந்திரம் என்பதைப் பற்றித்தான். நம் கரி எவ்வளவு வேகமாக வினைபுரியும் என்பதல்லவா முதல் கேள்வி?

கரிக்குக் கரி வேகம் மாறும். பழுப்பு நிலக்கரியில் நுண்துளைகள் அதிகம். அதிலுள்ள கால்சியமும் வினையைத் தூண்டிவிடும். நெய்வேலியில் 1960-களிலேயே அதை வாயுவாக்கி யூரியா செய்தார்கள். கறுப்பு நிலக்கரி அவ்வளவு சுறுசுறுப்பில்லை. நம் நாட்டுக் கறுப்புக் கரியில் பெரும்பாலும் 30 முதல் 45 சதவீதம் சாம்பல் வேறு.

"1,400 டிகிரிக்கு மேல் கொண்டுபோனால் எந்தக் கரியும் ஓடும், அளப்பானேன்?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. அந்தச் சூட்டில் கரியின் குணத்தைவிட, வாயு எவ்வளவு சீக்கிரம் துகளை எட்டுகிறது என்பதுதான் முக்கியம். ஆனால் அங்கே சாம்பலும் உருகும். 100 கிலோவுக்கு 40 கிலோ சாம்பலை உருக்கும் செலவும் நம் தலையில்தான். சாம்பல் உருகாமல் 1,000 டிகிரி வாக்கில் நடத்தினால், கரியின் வேகம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். திருச்சி பெல் நிறுவனம் 6.2 மெகாவாட் சோதனை நிலையம் அமைத்துப் பார்த்ததும் நம் சாம்பல் கரிக்கு வழி தேடித்தான்.

அளப்பதிலும் ஒரு பாடம் உண்டு. சில மில்லிகிராம் கரித்தூளைத் தராசில் தொங்கவிட்டு, சுடுவாயு செலுத்தி, எடை குறைவதைக் குறிப்போம். ஒருமுறை எண்கள் பிரமாதமாக வந்தன. அதை நம்பிப் பெரிய உலையில் கட்டிகளைப் போட்டோம். சாம்பலோடு கரியும் கறுப்பாகவே வெளியே வந்தது. கட்டிக்குள் வாயு நுழைய நேரமாகும், உண்டான மோனாக்சைடும் ஹைட்ரஜனும் வினையைத் தடுக்கும் என்பதெல்லாம் புத்தகத்தில் படித்ததுதான். கணக்கில் சேர்க்காமல் விட்டோம். அன்று எனக்கு இரவு தூக்கம் வரவில்லை.

ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன், ஒவ்வொரு சுரங்கத்துக் கரியையும் நிஜமான கட்டி அளவிலும், நிஜமான வாயுக் கலவையிலும் சோதித்து, முடிவுகளை எல்லோரும் பார்க்க வெளியிட வேண்டும். அந்தச் செலவு 8,500 கோடியில் ஒரு துளி.

கரி பஸ் ஓட்டியவருக்குத் தன் கரியின் குணம் தெரிந்திருந்தது. தணல் ஏறும்வரை காத்திருந்துதான் வண்டியை எடுத்தார்.