ஏரியைக் கணக்கில் எழுதுங்கள்!

திருப்போரூருக்குக் கிழக்கே கழுவெளி. அங்கே பக்கிங்காம் கால்வாய் ஓடுகிறது. அதற்கு அப்பால் கடல். மேற்கே ஏரிகள், வயல்கள், காடு.

பனிக்காலம் வந்ததும் இந்தப் பக்கம் விருந்தாளிகள் வருகிறார்கள். பாஸ்போர்ட்டு இல்லாத விருந்தாளிகள்! வட தேசங்களில் குளிர் தாங்காமல், ஆயிரக்கணக்கான மைல் பறந்து வரும் உள்ளான் குருவிகள். பூநாரைகளும் வந்து சேற்றைத் துழாவி இரை தேடுகின்றன.

பறவைகளுக்கு இந்த இடம் தெரியும். சர்க்கார் கணக்குக்குத் தெரியுமா?

வானத்திலிருந்து ஒரு கணக்கு

செயற்கைக்கோள் படங்களை வைத்து, நாட்டில் உள்ள ஈரநிலங்களை இஸ்ரோ நிறுவனத்தார் கணக்கெடுத்தார்கள். அந்தப் பட்டியல் 2011-ல் வெளிவந்தது. இரண்டேகால் ஹெக்டேருக்கு, அதாவது சுமார் ஐந்தரை ஏக்கருக்கு, மேற்பட்டவை 2,01,503 என்று அது சொன்னது. அவற்றைக் காப்பாற்றும்படி 2017-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு போட்டது.

பிறகு கணக்கு புதுப்பிக்கப்பட்டது. எண்ணிக்கை 2,31,195 ஆயிற்று. 2024 டிசம்பரில் கோர்ட்டு இன்னொரு உத்தரவு போட்டது. ஒவ்வொன்றையும் நேரில் போய்ப் பார்த்து எல்லை குறிக்க வேண்டும் என்றது. மூன்று மாதம் கெடுவும் வைத்தது.

நேரில் ஏன் போக வேண்டும்? வானத்துப் படத்தில் தண்ணீர் தெரியும். ஏரியின் எல்லைக்கல் தெரியுமா? கோடையில் வற்றிய ஏரி வெறும் தரைபோல் கிடக்கும். ஐந்தரை ஏக்கருக்குக் குறைந்த குட்டைகள் அந்த எண்ணிக்கையிலேயே சேராது.

விதியில் ஒரு விடுதல்

இன்னொரு சங்கடமும் உண்டு. 2017-ம் ஆண்டு ஈரநில விதிகள், பாசனத்துக்காக மனிதன் கட்டிய ஏரியை ஈரநிலம் என்று ஏற்கவில்லை. உப்பு விளைவிக்கக் கட்டிய பாத்தியையும் ஏற்கவில்லை. வயலையும் விட்டுவிட்டன.

அப்படியானால் செங்கல்பட்டு ஜில்லாவில் மிஞ்சுவது என்ன? இங்குள்ள ஏரிகளில் பெரும்பாலானவை பாசனத்துக்காக முன்னோர் கரை கட்டியவைதானே!

வேடந்தாங்கலைப் பாருங்கள். அதுவும் பாசன ஏரிதான். அங்கே பறவைகளைச் சுடக்கூடாது என்ற ஊராரின் உரிமையை 1798-லேயே கலெக்டர் லயோனல் பிளேஸ் எழுத்தில் ஒப்புக்கொண்டார். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாயிற்று. 2022-ல் வேடந்தாங்கலும் அருகிலுள்ள கரிக்கிலியும் ராம்சார் என்ற உலகப் பட்டியலில் இடம் பெற்றன. மனிதன் வெட்டிய ஏரி பறவைக்கு வீடாகாது என்று இனி யார் சொல்ல முடியும்?

என்ன செய்ய வேண்டும்?

கணக்கைப் புதுப்பிப்பவர்கள் ஆபீசில் உட்கார்ந்து எழுதினால் போதாது. மழைக்குப் பின் ஒரு முறை, கோடையில் ஒரு முறை கரைமேல் நடக்க வேண்டும். மதகு திறப்பவர், மீன் பிடிப்பவர், ஆடு மேய்ப்பவர் ஆகியோரைக் கேட்க வேண்டும். எந்தப் பறவை எந்த மாதம் வரும், எந்த வாய்க்கால் அடைபட்டது என்பது அவர்களுக்குத் தெரியும். விதி விட்டுவிட்ட ஏரியையும் உப்பளத்தையும் தனி ஏட்டிலாவது எழுத வேண்டும்.

கணக்கில் எழுதினால் பாசனமும் மீன்பிடிப்பும் நின்றுவிடுமோ என்று சிலர் அஞ்சலாம். வேடந்தாங்கல் ஏரித் தண்ணீரை உழவர்கள் வயலுக்குப் பாய்ச்சித்தான் வந்திருக்கிறார்கள். ஊரைக் கேட்டு எழுதிய கணக்கு, ஊரின் உரிமையையும் சேர்த்து எழுதும்.

வீடு வேண்டும், வேலை வேண்டும், சாலை வேண்டும் என்பதும் நியாயமே. ஆனால் எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்று சொல்லவும் கணக்கு வேண்டுமே! பள்ளிக்கரணையின் வெள்ளம் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, முட்டுக்காடு வந்து, கோவளம் அருகே கடலில் சேருகிறது. வழியில் உள்ள கழுவெளியை மண் போட்டு மூடினால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? வீட்டு வாசலுக்குத்தான் வரும்.

கணக்கில் இல்லாத ஏரியை அழிப்பது சுலபம். கேட்க ஆள் இருக்காது. ஆகவே முதலில் எழுதுங்கள். அடுத்த கிராமசபைக் கூட்டத்தில், "எங்கள் ஏரி எந்த ஏட்டில் இருக்கிறது?" என்று ஊரார் ஒரு கேள்வி கேட்கட்டும்!