கேக் வேண்டாம், புதன்கிழமை வாருங்கள்

முப்பத்தோரு வருடம் ரயிலில் டி.டி.ஆராக இருந்தவன் நான். பெட்டியின் தரையைச் சட்டையால் துடைத்துவிட்டுக் கை நீட்டுகிறவன், காலி தண்ணீர் பாட்டில் பொறுக்குகிறவன் என்று எத்தனை பையன்களை அரக்கோணத்திலும் காட்பாடியிலும் இறக்கிவிட்டிருப்பேனோ, கணக்கில்லை. சிலரைக் காதைத் திருகித்தான் இறக்கினேன். இன்றைய சட்டப்படி அப்படிக் கிடைக்கும் குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுபோக வேண்டும். நான் யாரையும் எங்கும் கொண்டுபோனதில்லை. என் வண்டி சுத்தமானால் சரி. அவன் அடுத்த வண்டியில் ஏறினால், அது அடுத்த டி.டி.ஆர். பாடு.

ஓய்வு பெற்ற பின், நான்கு வருடமாகப் புதன்கிழமை தோறும் மாலை ஐந்து மணிக்கு, சென்னையில் சலேசிய சபையார் நடத்தும் ஓர் இல்லத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். நான் கிறிஸ்தவன் இல்லை. "மதம் மாத்திடப் போறாங்க" என்றாள் மனைவி. இந்த வயதில் என்னை மாற்றி அவர்களுக்கு என்ன ஆகப்போகிறது! ஆனால் பையன்கள் விஷயத்தில் அந்தக் கேள்வி நியாயமானது. முதல் நாளே ஃபாதரிடம் கேட்டேன். மாலை ஜெபத்துக்கு வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம் என்றார். சில மாதம் கவனித்தேன். ஜெப நேரத்தில் இரண்டு பேர் கேரம் ஆடிக்கொண்டிருப்பார்கள், யாரும் அதட்டுவதில்லை. கோயிலோ மசூதியோ மடமோ, எவர் நடத்தும் இல்லத்துக்குப் போனாலும் இதைக் கேளுங்கள். கேட்டதோடு விடாமல் கண்ணாலும் பாருங்கள்.

அந்தச் சபையை நிறுவிய டான் போஸ்கோவைப் பற்றி ஃபாதர்தான் சொன்னார். 1841 டிசம்பர் 8, இத்தாலியின் தூரின் நகரம். பூசைக்கு உதவத் தெரியவில்லை என்று ஓர் அநாதைப் பையனைக் கோயில்பிள்ளை அடித்து விரட்டுகிறார். இளம் பாதிரியார் அவனைத் திரும்பக் கூப்பிடச் சொல்லி, எழுதத் தெரியுமா, பாடத் தெரியுமா என்று கேட்கிறார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றே பதில். விசில் அடிக்கத் தெரியுமா என்றதும் பையன் சிரித்துவிடுகிறான். கதையை முடித்து ஃபாதர் என்னைப் பார்த்தார். அதில் நான் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது: கோயில்பிள்ளை.

என் விசில், ரயில்தான். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனுக்கு வாய்ப்பாடு ஏறவில்லை. 12621 தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் என்று எண் மட்டும் தலைகீழாகத் தெரியும். சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் 69, காட்பாடி 130, நடுவில் எவ்வளவு என்றேன். விரல்கூட மடக்காமல் "61" என்றான். கூடவே, டி.டி.ஆர். எந்தப் பெட்டியில் ஏறி எங்கே டீ குடிப்பார் என்றும் சொன்னான். அது முழுக்கச் சரி.

இப்போது கேக்குக்கு வருகிறேன். பிறந்தநாள், கல்யாண நாள், நிறுவனத்தின் ஆண்டு விழா என்றால் பேனரோடு ஒரு கூட்டம் வந்துவிடுகிறது. நல்ல மனதோடுதான் வருகிறார்கள். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மூன்று கேக், மூன்று பிரியாணி. பிறகு பையன்களை வரிசையாக நிறுத்திப் படம். இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 74ஆவது பிரிவு, இந்தக் குழந்தைகளை அடையாளம் காட்டும் படத்தையோ விவரத்தையோ வெளியிடுவதைத் தடுக்கிறது. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். காரணம் இல்லாமல் போட்ட சட்டம் இல்லை. அடிக்குப் பயந்து ஓடிவந்தவனின் முகம் ஃபேஸ்புக்கில் வந்தால், அடித்தவனும் அதைப் பார்ப்பான்.

வாரம் ஒரு நாள், ஒரே நேரம், குறைந்தது ஆறு மாதம் வர முடியாதவரைத் தன்னார்வலராகச் சேர்க்கவே கூடாது என்பேன். பணம் கொடுக்க விரும்பினால் அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டு கிளம்பலாம். அதுவும் பெரிய உதவிதான், சோறு சும்மா வேகாது. வருகிறவர்களும் அதிசயத்தை எதிர்பார்க்க வேண்டாம். பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனை முகர்ந்து பழகியவன் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார மாட்டான். தெருவில் அன்றாடம் கையில் காசு பார்த்தவனுக்கு இல்லத்தின் மணியடிப்பு எரிச்சல். ஓடுவான். சிலர் திரும்பி வருவார்கள்.

போன மாதம் முழங்கால் வலியில் ஒரு புதன் போகவில்லை. அடுத்த வாரம் அந்த 61 பையன் வாசலிலேயே நின்றிருந்தான்.

"போன வாரம் கேன்சலா சார்?"

"ஆமாம்பா, கால் வலி."

"முன்னாடியே அனவுன்ஸ் பண்ணியிருக்கணும்ல?" என்று சொல்லிவிட்டு நோட்டை எடுக்கப் போனான்.