பெயருக்கு முன்னால் ஒரு பட்டம்

"பெண் லட்சணமாகத்தான் இருக்கிறாள். படித்துமிருக்கிறாள். ஆனால்... கொஞ்சம் பூசினாற்போல்..."

வாக்கியம் முடியவில்லை. முடிக்கவேண்டிய தேவையுமில்லை! வந்தவர்கள் எழுந்துவிட்டனர். தட்டிலே வைத்த பலகாரம் ஆறிக் கிடக்கிறது. வாசற்படிவரை சென்று வழியனுப்பிய தந்தை, தலையைத் தொங்கவிட்டபடி திரும்புகிறார். "அப்போதே சொன்னேனே, சோற்றைக் குறையடி என்று! கேட்டாயா?" என்று அடுக்களையிலே அன்னை விம்முகிறாள். பட்டம் பெற்றவள், பணி புரிபவள், பத்துப் பேருக்கு அறிவுரை கூறும் ஆற்றல் படைத்தவள், அந்த ஒரே நொடியில் வெறும் எடையாகிவிட்டாள்! இத்தனை கிலோ சதை, இத்தனை அங்குல இடை, வேண்டாத சரக்கு, திருப்பி அனுப்பப்பட்டது!

புரோகிதர் வேண்டாம், புரியாத மந்திரம் வேண்டாம், ஓமப்புகை வேண்டாம் என்று போராடினோம். அத்தகைய சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்று 1967-ஆம் ஆண்டு அறிஞர் அண்ணாவின் ஆட்சி சட்டம் கண்டது. மணமுறை மாறிற்று. ஆனால், மணப்பெண்ணைத் தராசுத்தட்டிலே நிறுத்தும் முறை மாறிற்றா? ஜாதகம் பார்க்கமாட்டேன் என்று மார்தட்டும் இளைஞன், "ஒல்லியாக இருக்கவேண்டும்" என்று நிபந்தனை போடுவானேயானால், அவனைச் சீர்திருத்தக்காரன் என்று எப்படிச் சொல்வது?

1929-ஆம் ஆண்டு செங்கற்பட்டிலே கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் தொங்கிய சாதிப் பட்டத்தை வெட்டி எறியச் சொன்னது. முதலியாரும் நாயக்கரும் பிள்ளையும் தம் பெயர்களிலிருந்து அந்த வாலை நறுக்கினர். இன்று இந்தியாவின் வேறு பல பகுதிகளிலே பெயரைக் கேட்டதும் சாதி தெரிகிறது. தமிழகத்திலே பெரும்பாலும் தெரிவதில்லை. பெருமைக்குரிய சாதனை!

ஆனால், தோழர்களே, பின்னால் இருந்ததை வெட்டிய நாம், முன்னால் ஒன்றை ஒட்டிவிட்டோமே! தெருவிலே, பள்ளியிலே, தேநீர்க்கடையிலே, தொழிற்சாலையிலே காதைத் தீட்டிக் கேட்டுப் பாருங்கள். "குண்டு மணி", "தடியன்", "பூசணிக்காய்", "யானைக்குட்டி" என்ற பட்டங்கள் வழங்கப்பட்டுக்கொண்டேயிருக்கின்றன. மெலிந்தவனும் தப்பவில்லை, அவனுக்கு "நோஞ்சான்", "ஒல்லிப்பிச்சான்". பெற்றோர் ஆசையோடு தேடி வைத்த தூய தமிழ்ப் பெயர் வருகைப் பதிவேட்டிலே உறங்குகிறது. ஊரார் வைத்த இழிபெயரோ உயிரோடு உலவுகிறது! சாதிப் பட்டம், பிறப்பைக் காட்டி மனிதனை அளந்தது. இந்தப் பட்டம், சதையைக் காட்டி அளக்கிறது. உள்ளிருக்கும் மனிதனைக் காணாமல் மேலிருக்கும் அடையாளத்தைக் கண்டு தீர்ப்பளிப்பதிலே இரண்டுக்கும் வேறுபாடு என்ன?

"வேடிக்கைக்காகச் சொல்வது, இதற்கெல்லாம் சித்தாந்தம் பேசலாமா?" என்று சிலர் கேட்கக்கூடும். பேசத்தான் வேண்டும். ஏனெனில், இந்த வேடிக்கைக்கு அடியிலே பழைய சித்தாந்தம் ஒன்று படுத்துக் கிடக்கிறது.

மனுநீதியின் 11-ஆம் அத்தியாயத்தைப் புரட்டிப் பாருங்கள். பொன் திருடியவனுக்கு நகம் கெடும், கள் குடித்தவனுக்குப் பல் கறுக்கும், குதிரை திருடியவன் முடவனாவான் என்று பட்டியல் போட்டிருக்கிறது. உடலிலே ஒரு குறை கண்டால் அது பாவத்தின் முத்திரை என்பது அதன் போதனை. நோயுற்றவனிடம் இரக்கம் வேண்டாம். அவன் செய்த வினையை அவன் அனுபவிக்கிறான்! இந்தக் கருமவினைக் கதையை எதிர்த்துத்தான் பகுத்தறிவு இயக்கம் பிறந்தது.

இன்றைய ஏளனக்காரன் என்ன கூறுகிறான்? "தின்றான், பெருத்தான். சோம்பேறி, அதனால்தான் சதை. அடக்கமில்லை, கட்டுப்பாடில்லை." முற்பிறவிப் பாவம் போய், மூன்று வேளைப் பாவம் வந்திருக்கிறது! வேதியன் சொன்ன அதே தீர்ப்பை, இவன் வேறு சொற்களிலே சொல்கிறான். உடலைப் பார்த்த மாத்திரத்தில் ஒழுக்கத்தைக் கணிக்கிறான். கைரேகை பார்த்துக் குணம் சொல்பவனைப் பரிகசிக்கும் நாம், இடுப்பைப் பார்த்துக் குணம் சொல்பவனை ஏன் நம்புகிறோம்?

அறிவியல் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். டென்மார்க் நாட்டிலே தத்துக் கொடுக்கப்பட்டு வளர்ந்த 540 பேரை ஆராய்ந்தனர். 1986-இல் முடிவு வெளிவந்தது. பிள்ளைகளின் பருமன், பெற்றவர்களின் பருமனோடு ஒத்துப்போயிற்று. சோறூட்டி வளர்த்தவர்களின் பருமனோடு ஒத்துப்போகவில்லை! கனடாவின் கியூபெக்கிலே 12 இணை ஒத்த இரட்டையரை, இளைஞர்களை, அழைத்து வைத்து, 84 நாட்கள் நாளொன்றுக்கு 1,000 கலோரி கூடுதலாக உண்ணச் செய்தனர். 1990-இல் வெளியான அந்த ஆய்வின்படி, ஒருவருக்கு ஏறியது 4 கிலோ சொச்சம். இன்னொருவருக்கோ 13 கிலோவுக்கு மேல்! மிகுதியாக உண்ட அளவு ஒன்றே. உடல் காட்டிய விளைவு வேறு. ஆனால், ஒரே இணையைச் சேர்ந்த இருவருக்கும் ஏறிய எடை நெருக்கமாக ஒத்திருந்தது. ஆக, ஒரே பந்தியிலே ஒரே அளவு உண்ட இருவரில், ஒருவனை ஒழுக்கசீலன் என்றும் மற்றவனைப் பெருந்தீனிக்காரன் என்றும் ஊர் அழைக்கும்! எவ்வளவு பெரிய அநீதி!

பிறப்பு மட்டுமே காரணம் என்றும் நாம் கூறவில்லை. கூறினால் அதுவும் ஒரு விதிவாதமாகிவிடும். வாழும் சூழலும் காரணம். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, தமிழகத்திலே 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் எடை மிகுந்தோர் 2015-16-இல் நூற்றுக்கு 31 பேர் என்றது; 2019-21-இல் நூற்றுக்கு 40 பேர் என்கிறது. இந்தச் சில ஆண்டுகளுக்குள் நூற்றுக்கு ஒன்பது பெண்கள் திடீரென்று சோம்பேறிகளாகிவிட்டார்களா? கட்டுப்பாட்டைக் காற்றிலே பறக்கவிட்டார்களா? மாறியது அவர்கள் ஒழுக்கமல்ல. உழைப்பின் தன்மையும் உணவின் தன்மையும்! உட்கார்ந்த இடத்திலேயே பத்து மணி நேர வேலை. இரவு நேரப் பணி. நடக்க நடைபாதையில்லாத நகரம். பருப்பும் காய்கனியும் எட்டாத விலையிலே, தீட்டிய அரிசியும் சர்க்கரையும் எட்டும் விலையிலே! அதே கணக்கெடுப்பு, நூற்றுக்கு 12 பெண்களுக்குமேல் இன்னும் எடை குறைந்து வாடுவதையும் காட்டுகிறது. ஒரே சமுதாயம் ஒருத்தியை மெலிய வைக்கிறது, மற்றொருத்தியைப் பெருக்க வைக்கிறது, பின்பு இருவரையும் பார்த்துச் சிரிக்கிறது!

சரி, எடையை அளக்க ஓர் எண் இருக்கிறதே, அது அறிவியல்தானே என்பர். உடல் நிறைக் குறியீட்டெண்! எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண். அதை 1830-களிலே வகுத்தவர் பெல்ஜியம் நாட்டு அடால்ஃப் கெட்லே; மருத்துவரல்லர், வானியலும் புள்ளியியலும் கற்றவர். மக்கள் கூட்டத்தின் 'சராசரி மனிதனை'த் தேடியவர். அந்த எண்ணுக்கு இன்றைய பெயரை 1972-இல் இட்டவர் அமெரிக்காவின் ஆன்சல் கீஸ். 1998-இல் அமெரிக்க அரசின் நலவாழ்வு நிறுவனம் எல்லைக்கோட்டை 25-க்கு இறக்கியபோது, ஒரு பிடி சோறும் கூடுதலாக உண்ணாமலே கோடிக்கணக்கானோர் 'எடை மிகுந்தோர்' ஆயினர்!

புனே நகரத்து மருத்துவர் யாக்னிக், இலண்டன் மருத்துவர் யூட்கின் இருவரும் தம்மையே சான்றாக்கி, 2004-இல் ஒரு படத்தை வெளியிட்டனர். இருவருக்கும் அந்த எண் 22.3, துளியும் வேறுபாடில்லை. ஆனால், உடலிலுள்ள கொழுப்போ யூட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாக்னிக்குக்கு 21.2 விழுக்காடு! மெலிந்த மேனிக்குள்ளே மறைந்திருக்கும் கொழுப்பு, இந்தியரை நீரிழிவுக்கு ஆளாக்குகிறது என்பதை உலகுக்குக் காட்டினர். ஆக, ஒல்லியானவன் நலமுடையவன், பருத்தவன் நோயாளி என்று கண்ணால் பார்த்தே முடிவு கட்டுவது மருத்துவமல்ல, குறி சொல்வது! எண்ணைக் குறை கூறவில்லை நாம். கூட்டத்தை அளக்கவும், ஐயம் எழுப்பிச் சோதனைக்கு அனுப்பவும் அது பயன்படும். தனியொருவரின் தகுதியைத் தீர்மானிக்க அது நெற்றியிலே எழுதிய எழுத்தல்ல.

மிகுந்த கொழுப்பு நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மூட்டு நோவுக்கும் வழிவிடும் என்பது உண்மை. அதை மறைப்பது பகுத்தறிவாகாது. மருத்துவம் வேண்டும், நல்லுணவு வேண்டும், உடற்பயிற்சி வேண்டும். வேண்டாதது ஏளனம் ஒன்றே!

"நாலு பேர் கேலி செய்தால்தான் திருந்துவார்கள்" என்று வாதாடுவோர்க்குப் பதில் இருக்கிறது. அமெரிக்காவிலே 18,000-க்கு மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த இரு ஆய்வுகளின் முடிவு 2015-இல் வெளிவந்தது. எடைக்காக இழிவாக நடத்தப்பட்டதாகக் கூறியவர்களுக்கு மரண அபாயம் ஏறத்தாழ 60 விழுக்காடு அதிகம். எடையையும் நோய்களையும் கணக்கிலே கழித்த பிறகும் அந்த வேறுபாடு மறையவில்லை! சதை செய்ததாக நாம் எண்ணும் கேட்டிலே ஒரு பங்கு, சொல்லுக்கும் உரியதாகலாம் என்று அந்தக் கணக்கு நம்மை எச்சரிக்கவில்லையா?

எப்படி என்று வியப்படைய வேண்டாம். கேலிக்கு அஞ்சும் சிறுவன் விளையாட்டுத் திடலுக்குப் போவானா? ஓட்டப்பந்தயத்திலே அவன் ஓடும்போது கைகொட்டிச் சிரித்த ஆசிரியர், அவனுடைய உடற்பயிற்சியை அன்றோடு முடித்துவைத்தார். வயிற்றுவலி என்று சென்ற பெண்ணிடம், சோதித்துப் பாராமலே "முதலில் எடையைக் குறைத்துவிட்டு வா" என்று சொன்ன மருத்துவர், அவள் மறுமுறை மருத்துவமனைப் படியேறுவதையே தடுத்துவிட்டார். மனம் நொந்தவர் தனிமையைத் தேடுகிறார். தனிமையிலே உணவு ஆறுதலாகிறது. இல்லையேல் பட்டினி கிடந்து உடலைக் கெடுத்துக்கொள்கிறார். திருத்துவதாகக் கூறி நோயை வளர்க்கும் வைத்தியம் இது! 2020-இல் பல நாட்டு மருத்துவ வல்லுநர்கள் ஒன்றுகூடி வெளியிட்ட அறிக்கை, எடையைக் காட்டி இழிவுபடுத்துவதை ஒழிக்கவேண்டும் என்று வற்புறுத்தியது இதனால்தான்.

இழிவு இருக்குமிடத்திலே எத்தனும் இருப்பான். தாயத்து விற்றவன் இன்று பொடி விற்கிறான். "முப்பதே நாளில் முப்பது கிலோ!" என்று சுவரொட்டி, முன்னும் பின்னுமாக இரண்டு படங்கள். 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மந்திரப் பரிகாரங்கள் விளம்பரத் தடைச் சட்டத்தின் பட்டியலிலே உடற்பருமனும் இடம்பெற்றிருக்கிறது. ஆயினும், சட்டம் ஏட்டிலே, சுவரொட்டி வீதியிலே! பயத்தை விதைத்துப் பணத்தை அறுப்பது புரோகிதனின் பழைய தொழில். பரிகாரம் மாறியிருக்கிறது; பறிப்பு மாறவில்லை.

இதுவரை ஊரைச் சாடினோம். இனி நம்மைப் பார்த்துக்கொள்வோம், அதுதான் நேர்மை. சுரண்டுபவனைச் சித்திரிக்க நம் ஏடுகள் எதை வரைந்தன? தொந்தி! புரோகிதனுக்குத் தொந்தி, மிராசுதாரனுக்குத் தொந்தி, முதலாளிக்குத் தொந்தி. மேடையிலே தொந்தியைப் பற்றி ஒரு சொல் வீசினால் கைதட்டல் கிடைத்தது. 1953-இல் பெரியார் பிள்ளையார் பொம்மையை உடைத்தது எதற்காக? அதன் வயிறு பெருத்திருந்ததற்காகவா? மடமையைத் தகர்க்க! ஆனால், எதிரியின் கொள்கையை அடிக்கவேண்டிய இடத்திலே வயிற்றை அடித்தபோது, கூட்டத்தின் கடைசி வரிசையிலே தரையில் அமர்ந்திருந்த பருத்த உடற்கட்டுடைய தொழிலாளத் தோழரையும் சேர்த்தே அடித்தோம். அவரும் நம்மோடு சேர்ந்து சிரித்தார். சிரிக்காவிட்டால் அவரைப் பார்த்து மற்றவர் சிரிப்பர் என்ற அச்சத்தால்! சுரண்டல் வயிற்றிலே இல்லை. வட்டிக் கணக்கிலே, வாரக் கணக்கிலே, வருணாசிரமத்திலே இருக்கிறது. ஒல்லியான சுரண்டல்காரன் ஊருக்கு ஊர் உண்டு!

வைதிகரின் முரண்பாடும் சொல்லத்தக்கதே. பெருவயிற்றுப் பிள்ளையாருக்குக் கொழுக்கட்டை படைத்துக் கும்பிட்ட கையாலேயே, எதிர்வீட்டுப் பெண்ணைச் சுட்டிக்காட்டிச் சிரிக்கிறார்கள். களிமண்ணுக்குக் கிடைக்கும் மரியாதை மனிதப் பிறவிக்கு இல்லை!

இளைஞர்களே! இதற்கு மாநாடு தேவையில்லை, நிதி தேவையில்லை. இன்றே தொடங்கலாம். தோழனைப் பெயர் சொல்லி அழையுங்கள். முன்னால் ஒட்டிய பட்டத்தைக் கிழித்தெறியுங்கள். வீட்டிலே தங்கைக்குப் பெண் பார்க்கும் சடங்கு நடந்தால், "இவள் விற்பனைச் சரக்கல்ல" என்று எழுந்து சொல்லுங்கள். பருத்த உடலைக் காட்டிச் சிரிப்பூட்டும் திரைப்படக் காட்சிக்குக் கைதட்டாதீர்கள். பள்ளித் திடலிலே எல்லாப் பிள்ளைகளுக்கும் இடம் கேளுங்கள். பருப்பும் முட்டையும் காய்கனியும் ஏழைக்கு எட்டும் விலையிலே கிடைக்கக் குரல் கொடுங்கள். நம் மேடையிலே எவரேனும் வயிற்றை அடித்துக் கைதட்டல் வாங்க முற்பட்டால், அவர் எவ்வளவு பெரிய பேச்சாளராயினும், கைகளைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருங்கள்.

சுயமரியாதை என்பது நல்ல உடற்கட்டு வாய்த்தவருக்கு மட்டும் வழங்கப்படும் பரிசன்று. அந்த வீட்டிலே, ஆறிப்போன பலகாரத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாளே, அந்தப் பெண்ணுக்கும் அது பிறப்புரிமை. அவளிடமிருந்து அதைப் பறித்தது இயற்கையல்ல, நாம். திருப்பிக் கொடுக்கவேண்டியவர்களும் நாமே!