கோப்பை இருக்கிறது, ஓட்டல் இல்லை!

ஒரு பீங்கான் கோப்பை. அதில் ஒரு முகம். உருட்டி விழிக்கும் கண்கள், பிளந்த வாய்.

அந்தக் கோப்பையில் பானம் ஊற்றிக் கொடுத்த ஓட்டல் இன்று இல்லை. அது இருந்த கட்டிடமும் இல்லை. ஆனால், கோப்பைக்கு மட்டும் மவுசு குறையவில்லை! அதைத் தேடிப் பிடித்து, பணம் கொடுத்து வாங்கி, கண்ணாடி அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறவர்கள் அமெரிக்காவில் பலர்.

"இது என்ன பைத்தியம்?" என்று சிலர் கேட்பார்கள்.

பைத்தியம் அல்ல. நல்ல வேலைதான். ஆனால், அதைச் செய்வதற்கும் ஒரு முறை இருக்கிறது.

செயற்கை மழை

அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்தில் கொலம்பஸ் என்ற நகரம் இருக்கிறது. கடல் இல்லாத ஊர். குளிர் காலத்தில் பனி கொட்டும் ஊர்.

அங்கே 1961-ம் ஆண்டு "கஹிக்கி" என்ற ஓட்டலைத் திறந்தார்கள். கஹிக்கி என்பது ஹவாய் மொழிச் சொல். அது தஹிட்டித் தீவைக் குறிக்கும்.

போர்ப் படகைப் போல வளைந்து உயர்ந்த கூரை. வாசலில் இரண்டு பெரிய முகச் சிலைகள். அவற்றின் தலையில் தீ எரியும். உள்ளே குடிசைகள், மீன் தொட்டிகள். ஜன்னலுக்கு அப்பால் காடு தெரியும், மழை பெய்யும், இடி இடிக்கும். எல்லாம் செயற்கை!

இப்படிப்பட்ட ஓட்டல்களை "டிக்கி" ஓட்டல்கள் என்று சொல்வார்கள். 1930-களில் ஹாலிவுட்டில் எர்னஸ்ட் காண்ட் என்பவர் இந்த மோகத்தைத் தொடங்கி வைத்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, பசிபிக் தீவுகளைக் கண்டு திரும்பிய சிப்பாய்கள் அதை வளர்த்தார்கள். 1959-ல் ஹவாய் அமெரிக்காவின் மாநிலம் ஆனதும், மோகம் இன்னும் கூடியது.

பிறகு நாகரிகம் மாறியது. ஓட்டல்கள் ஒவ்வொன்றாக மூடின.

பட்டியல் காப்பாற்றவில்லை

கஹிக்கி நெடுநாள் தாக்குப் பிடித்தது. 1997-ல் அமெரிக்க அரசின் வரலாற்றுச் சின்னங்கள் பட்டியலில் அதன் பெயர் ஏறியது.

"இனிக் கவலை இல்லை" என்று யாராவது நினைத்திருந்தால், அது தப்புக் கணக்கு. அந்தப் பட்டியல் ஒரு மரியாதை, பூட்டு அல்ல. உரிமையாளர் தம் கட்டிடத்தை விற்கலாம், வாங்கியவர் இடிக்கலாம்.

2000-ம் ஆண்டு ஓட்டல் மூடப்பட்டது. அதே ஆண்டில் கட்டிடமும் இடிக்கப்பட்டது. அந்த இடத்தில் ஒரு மருந்துக் கடை வந்தது.

மிஞ்சியது என்ன? கோப்பை, உணவுப் பட்டியல், தீப்பெட்டி, பானம் கலக்கும் குச்சி. இவற்றைச் சிலர் விலைக்கு வாங்கினார்கள். சிலர் கைப்பையில் மறைத்து எடுத்துப் போனதும் உண்டு!

அரசாங்கப் பட்டியல் காப்பாற்றாததைச் சாதாரண மனிதர்களின் அலமாரி காப்பாற்றியது. இது சின்ன விஷயம் அல்ல. மன்னர்களின் வாளும் முடியும் அரும்பொருள் காட்சிச் சாலையில் இருக்கின்றன. குமாஸ்தாவும் அவர் மனைவியும் கல்யாண நாளில் என்ன சாப்பிட்டார்கள், என்ன விலை கொடுத்தார்கள் என்று சொல்வது எது? பழைய உணவுப் பட்டியல்தான்.

ஊமைப் பொருள்

சேர்ப்பவர்களில் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. பொருளைச் சேர்க்கிறார்கள், அதன் கதையைச் சேர்ப்பதில்லை. "என்னிடம் இருநூறு இருக்கிறது" என்று எண்ணிக்கை சொல்வதோடு சரி.

அவர் காலம் முடிந்ததும் என்ன ஆகும்? பிள்ளைகள் அலமாரியைத் திறப்பார்கள். எந்த ஓட்டல், எந்த ஊர், யார் கொடுத்தது என்று தெரியாது. கதை தெரியாத கோப்பை வெறும் பீங்கான். அது ஒருநாள் குப்பைக்குப் போகும்.

அது யார் முகம்?

இன்னொன்றும் இருக்கிறது. கோப்பையில் உள்ள முகம் யாருடையது?

பசிபிக் கடலில் ராப்பா நூய் என்று ஒரு தீவு உண்டு. ஈஸ்டர் தீவு என்றும் சொல்வார்கள். அங்கே சுமார் 900 பெரிய கற்சிலைகள் இருக்கின்றன. அவை அந்த மக்களின் முன்னோர்கள். ஓட்டல்காரர்கள் அந்த முகங்களை வாசலில் வைத்தார்கள், கோப்பையாகவும் ஆக்கினார்கள்.

1868-ல் ஒரு சிலையைப் பிரிட்டிஷ் கப்பல் எடுத்துச் சென்றது. அது லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. 2018-ல் அந்தத் தீவு மக்கள் லண்டனுக்கே போய், "எங்கள் முன்னோரைத் திருப்பிக் கொடுங்கள்" என்று கேட்டார்கள்.

ஒருவருக்கு வேடிக்கைப் பொருள், இன்னொருவருக்குப் பாட்டன்! இதை அறியாமல் சேர்ப்பவர், பாதிக் கதையைத்தான் சேர்க்கிறார். கோப்பையைத் தூக்கி எறிய வேண்டாம். அந்த முகம் எங்கிருந்து வந்தது என்பதையும் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும்.

பெயர் வெட்டின பாத்திரம்

வழி மிகச் சுலபம். ஒரு துண்டுக் காகிதம் போதும். ஓட்டலின் பெயர், ஊர், கிடைத்த நாள், கொடுத்தவர், முகத்தின் கதை. ஐந்து வரி எழுதிக் கோப்பைக்குள் போட்டு வைக்கலாம். அடிக்கடி எடுத்துக் குழந்தைகளுக்குக் காட்டலாம்.

நம் வீடுகளில் இந்தப் பழக்கம் புதிது அல்ல. கல்யாணச் சீர்ப் பாத்திரத்தில் கொடுத்தவர் பெயரையும் தேதியையும் வெட்டித் தருவார்கள். ஐம்பது ஆண்டு கழித்துப் பேத்தி அதைத் தேய்க்கும்போது, "இது யார் கொடுத்தது?" என்று கேட்க வேண்டியதில்லை. பாத்திரமே சொல்லும்.

அமெரிக்கக் கோப்பைக்கும் அந்த வாய் வேண்டும். கட்டிடத்தை எல்லோராலும் காப்பாற்ற முடியாது. ஐந்து வரி எழுத எல்லோராலும் முடியும்.