ஐயமும் தராசும்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலே பழம்பொருட் கடைகள் பல உள. பழங்காசு சேர்க்கும் பொழுதுபோக்குடைய பிள்ளைகளுக்கு இத்தகைய கடைகளைக் கண்டால் கால் நகராது. வீட்டிலுள்ள பெரியவர்களோ, "பழங்காசு என்றாலே போலி" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவர்.

ஐயம் நல்லதே. ஆனால் சோதித்தறிய வழியிருக்கையில் ஐயத்தோடு நின்றுவிடுவது சோம்பல் என்போம். புனித தோமையாரும் ஐயுற்றார். ஆயினும் விலகிப் போய்விடவில்லை. எட்டு நாள் கழித்தும் சீடர்களோடு அவ்வீட்டில்தான் இருந்தார் என்கிறது அருளப்பர் நற்செய்தி.

1862 முதல் 1939 வரையிலான வெள்ளி ரூபாயை எடுத்துக்கொள்வோம். எடை 11.66 கிராம், நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. 1940இல் வெள்ளி பாதியாயிற்று. 1947ஆம் ஆண்டு ரூபாய் நிக்கலால் ஆனது; காந்தத்தில் ஒட்டும். வெள்ளி ஒட்டாது. ஆனால் ஒட்டாததெல்லாம் வெள்ளியன்று. பித்தளையும் ஈயமும்கூட ஒட்டா.

ஆகவே தண்ணீரை நாடுவோம். நகைக்கடைகளில் உள்ளது போன்ற நுட்பமான சிறு மின்னணுத் தராசில் நீருள்ள குவளையை வைத்து, எண்ணைச் சுழியாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுதும் நீரில் அமிழ்த்துங்கள். 11.66 கிராம் காசுக்குத் தராசு ஏறக்குறைய 1.13 காட்டும். முன்னதைப் பின்னதால் வகுத்தால் பத்துக்குச் சற்று மேல் வரும். முலாம் பூசிய பித்தளையாயின் எட்டரையை ஒட்டி நிற்கும். தேய்ந்த காசுக்கும் இவ்விகிதம் மாறாது. எனினும் இச்சோதனை உலோகத்தை மட்டுமே சொல்லும். நல்ல வெள்ளியிலே நேற்று அச்சடித்த போலியைக் காட்டிக்கொடாது. அதற்குப் பழகிய கண் வேண்டும்.

சோதனையே வலையாவதும் உண்டு. அரிசியை இழுக்கும் 'இரிடியம் கலசம்' என்று சொல்லி இலட்சக்கணக்கில் பறிக்கும் மோசடி தமிழகத்தில் பல்லாண்டுகளாய் நடந்து வருகிறது. அங்கே ஐயுறுவோரை எவரும் கடிந்துகொள்வதில்லை; "நீங்களே சோதித்துப் பாருங்கள்" என்றே அழைப்பர். கண்ணெதிரே அரிசி நகரும். நகர்வது மெய்தான்: கலசத்துள் காந்தம், அரிசியிலே இரும்புத்துகள்! இரிடியத்துக்கோ அரிசியை இழுக்கும் ஆற்றல் கிடையாது. கலசம் அவர்களுடையது, அரிசி அவர்களுடையது, இடமும் நேரமும் அவர்கள் குறித்தவை. அதைச் சோதனை என்று எப்படி அழைப்பது? மகளின் திருமணத்துக்கென்று சேர்த்த பணத்தை இதில் போட நினைப்பவர், முதலில் அதை வீட்டாரிடம் சொல்லட்டும். அழைத்தவர்கள் மீண்டும் வாசலுக்கு வந்தால், காவல் நிலையத்துக்குத் தெரிவித்துவிடுங்கள்.