வாயில் யாருக்காக?

அரசாங்க அலுவலகங்களின் வாயிலை இடித்துக் கட்டும்போதெல்லாம் பாதுகாப்பு என்கிறார்கள். யாரிடமிருந்து பாதுகாப்பு என்று நாம் கேட்கிறோம். கப்பல்துறையிலிருந்து பேருந்தேறித் திருகோணமலைக்குக் காணிப் பத்திரம் கேட்டு வரும் விவசாயியிடமிருந்தா?

1961 மார்ச்சில் மொழியுரிமை கோரி மக்கள் திருகோணமலைக் கச்சேரியின் வாயிலை மறித்து அமர்ந்தனர். அவர் கையில் ஆயுதமில்லை. ஏப்ரல் 17இல் அரசு அவசரகால நிலையைப் பிரகடனம் செய்து, இராணுவத்தைக் கொண்டு சத்தியாக்கிரகத்தை ஒடுக்கியது. வாயில் திறந்தது; கோரிக்கை வெளியே நின்றது. தமிழும் ஆட்சிமொழியென்று அரசியலமைப்பில் எழுத 1987 வரை சென்றது.

காவலே வேண்டாமென்று நாம் வாதிக்கவில்லை. 1996 ஜனவரி 31இல் கொழும்பு மத்திய வங்கி வாயிலில் லொறிக்குண்டு வெடித்து 90 பேருக்கு மேல் மாண்டதை யார் மறப்பார்? ஆயினும் போர் 2009இல் முடிந்துவிட்டது. 2022 ஜூலை 22 விடியுமுன் ஜனாதிபதி செயலக வாயிலில் படையினர் தாக்கி விரட்டியது யாரை? எரிபொருளும் மருந்துமின்றி நொந்து, நீதி கேட்டுத் திரண்ட நிராயுதபாணிகளை!

மக்கள் பணத்தில் எழும் வாயிலில் இரும்புக் கதவுக்கு முன்னர் இவை அமையட்டும்: 2006ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் வலியுறுத்தும், சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம், பிழையற்ற தமிழ்ப் பலகை, வரிசையில் நிற்போருக்கு நிழல், தமிழில் மறுமொழி கூறும் காவலர்.

ஆசிரியத் தோழர்களே, மாணவர்களே! உங்கள் ஊர் அலுவலக வாயிலில் நின்று இந்நான்கும் உளவா என்று பாருங்கள். இல்லாததை எழுத்தில் கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள்.