ரோஜா இலையில் வட்ட வெட்டு... துவரம்பருப்புக்கும் இந்தத் தேனீக்கும் என்ன தொடர்பு?

மாடித் தோட்டத்து ரோஜா இலையின் ஓரத்தில் கத்தரித்து எடுத்தது போல அரைவட்ட வெட்டுகள். பார்த்ததும் பலரும் பூச்சிமருந்தைத் தேடுவார்கள். கொஞ்சம் பொறுங்க. அது இலைவெட்டித் தேனீயின் வேலை.

இலையைத் தின்னுமா?

தின்னாது. இது கூட்டமாக வாழும் தேனீ இல்லை. பெண் தேனீ மூங்கில் துளை, காய்ந்த தண்டு போன்ற இடங்களில் தனியாகக் கூடு கட்டும். இலைத்துண்டுகளைச் சுருட்டி அறை செய்து, உள்ளே மகரந்தமும் தேனும் சேர்த்து வைத்து, ஒரே ஒரு முட்டை இடும். இலை வீட்டுக்கு, பூ சாப்பாட்டுக்கு.

எந்தப் பூ பிடிக்கும்?

துவரை, சணப்பை போன்ற பயறுவகைப் பூக்களுக்கு அடிக்கடி வரும். இந்தப் பூக்களில் மகரந்தம் கீழிதழுக்குள் மூடியிருக்கும். தேனீ உட்கார்ந்து அழுத்தினால்தான் வெளியே வந்து அதன் வயிற்றில் படும். கூட்டுத் தேனீக்கள் மகரந்தத்தை ஈரமாக்கிப் பின்னங்காலில் உருண்டையாக ஒட்டிக்கொள்ளும். இலைவெட்டியோ வயிற்றடி முடியில் உலர்ந்த தூளாகவே சுமக்கும். அதனால் அடுத்த பூவில் எளிதாக ஒட்டிக்கொள்ளும்.

இப்போ ஏன் முக்கியம்?

துவரை, உளுந்து, மசூரில் தன்னிறைவு பெற 6 ஆண்டுத் திட்டத்தை 2025 மத்திய பட்ஜெட் அறிவித்தது. துவரை தன் மகரந்தத்திலேயே காய்க்கும் என்பதால், தேனீ வராவிட்டாலும் விளைச்சல் அடியோடு போகாது. ஆனால் வீரிய ஒட்டு விதையில் கதை வேறு. ஹைதராபாத் அருகே உள்ள இக்ரிசாட் நிறுவனம் உருவாக்கிய ஒட்டுத் துவரைக்கு விதை எடுக்கும்போது, தாய்ச்செடியில் வளமான மகரந்தம் இருக்காது. பக்கத்து வரிசையிலிருந்து பூச்சிகள்தான் கொண்டுவர வேண்டும். அந்த வேலையைச் செய்பவற்றில் இந்த இனத் தேனீக்களும் முக்கியமானவை.

சிக்கல் எங்கே?

துவரை பூக்கும் நேரத்தில்தான் காய்ப்புழுவும் வரும். மருந்து அடிக்காவிட்டால் விவசாயிக்கு நஷ்டம், பகலில் அடித்தால் பூவில் இருக்கும் தேனீ சாகும். மருந்து பட்ட இலையை வெட்டிக்கொண்டு போனால், குஞ்சைச் சுற்றியுள்ள சுவரே விஷமாகிவிடும்.

என்ன செய்யலாம்?

புழு அளவு மீறினால் மட்டும், தேனீ நடமாட்டம் அடங்கிய மாலையில் மருந்து அடிக்கலாம். வரப்பில் சணப்பை விதைக்கலாம், காய்ந்த தண்டுகளை எரிக்காமல் விடலாம். வீட்டிலோ இன்னும் சுலபம்: நாலு இலை வெட்டுப்பட்டு ரோஜாச் செடி சாகாது. மருந்து பாட்டிலை அப்படியே வெச்சிடுங்க.